120 குதிரைத்திறன் போதுமா, 265 வேண்டுமா? ஹாட் ஹேட்சும் இலகு ஸ்போர்ட்ஸ் காரும்

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் ஜிடிஐ காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை சுமார் 53 லட்சம் ரூபாய். முதல் தவணையாக ஒதுக்கப்பட்ட 150 கார்களும் கிடுகிடுவென முன்பதிவாகிவிட்டன. செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஒரு ஹேட்ச்பேக்குக்கு அரைக்கோடியா?

கார்ப் பிரியர்கள் நடுவில் சண்டை வேறு மாதிரி நடந்தது. ஓட்டும் இன்பம் வேண்டுமென்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் என்றது ஒரு தரப்பு. அதைவிடக் கூடுதல் சக்தியுள்ள, ஜிடிஐ போன்ற ஹாட் ஹேட்ச் இருக்கும்போது அந்தப் பொம்மை எதற்கு என்றது மறுதரப்பு. இருவரும் குதிரைத்திறன் எண்ணிக்கையை ஒருவர் மீது ஒருவர் வீசிக்கொண்டார்கள். அந்த எண்ணை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எடை எவ்வளவு, அது காரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சக்கரம் என்ன வேலை பார்க்கிறது என்ற மூன்றையும் பார்த்தால்தான் இரண்டும் ஏன் வெவ்வேறு மாதிரி ஓடுகின்றன என்பது புரியும்.

இரண்டும் பிறந்த விதம்

ஹாட் ஹேட்ச் என்பது குடும்பத்துக்காக வடிவமைத்த சாதாரண ஹேட்ச்பேக். அதே உடலில் வலுவான எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், பெரிய பிரேக் ஆகியவற்றைப் பொருத்தினால் அது 'ஹாட்' ஆகிறது. முதல் கோல்ஃப் ஜிடிஐ 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் தொடங்கினார்கள். அந்த முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் சனிக்கிழமை மலைச் சாலைக்கும் ஒரே கார் போதும் என்ற வசதிதான் காரணம்.

இலகு ஸ்போர்ட்ஸ் கார் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஓட்டுவதற்கென்றே வெள்ளைத் தாளில் வரைந்த கார் அது. இரண்டு இருக்கைகள், பெரும்பாலும் பின்சக்கர இயக்கம். பெட்டி வைக்க இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்ற போக்கு. 1957-ல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்த மரபின் மூத்த பிள்ளை. அதை இன்றும் கேட்டர்ஹாம் நிறுவனம் தயாரிக்கிறது. 1989-ல் வந்த எம்எக்ஸ்-5 அந்த மரபை எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது. 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் உற்பத்தியாகிவிட்டன.

ஆனால் எடைக்குறைப்பு என்பதை உடைத்துக் காட்ட 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ்தான் சரியான மாதிரி. அலுமினியச் சட்டங்களை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் 68 கிலோதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். முழுக் காரும் சுமார் 725 கிலோ. அந்த அலுமினியம் உள்ளே மூடாமல் அப்படியே தெரியும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. கதவைத் திறந்தால் அகலமான விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே விட வேண்டும். வேட்டி கட்டியவர் ஏறவே முடியாது. எஞ்சினோ ரோவர் நிறுவனத்தின் சாதாரணக் கார்களில் இருந்த அதே 1.8 லிட்டர், 120 குதிரைத்திறன்.

இந்த எலீஸ் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஏறக்குறைய 6 விநாடி ஆகும். 265 குதிரைத்திறன் கொண்ட இன்றைய கோல்ஃப் ஜிடிஐ-க்கு 5.9 விநாடி.

எடை நான்கு இடத்தில் கை வைக்கும், சக்தி ஒரே இடத்தில்

ஜிடிஐ-யின் எடையை 1,450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எலீஸைப் போல இரண்டு மடங்கு. ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்தால் ஜிடிஐ-க்கு சுமார் 183, எலீஸுக்கு சுமார் 166. நேர்ச்சாலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். எடை கூடினால் சக்தியைக் கூட்டி ஈடுகட்டலாம் என்பது இதுவரை உண்மை. அதற்குப் பிறகு அந்தக் கணக்கு உதவாது.

1. பிரேக். வேகமாக ஓடும் காரில் உள்ள இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதம். 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது 1,450 கிலோ காரின் பிரேக் தட்டுகள் சுமார் 560 கிலோஜூல் வெப்பத்தை விழுங்க வேண்டும். 725 கிலோ காருக்கு 280 போதும். ஒருமுறை நிறுத்துவதில் வித்தியாசம் தெரியாது. மலையிறக்கத்தில் இருபது வளைவுக்கு இருபது முறை அழுத்தும்போது தெரியும். எஞ்சினில் எத்தனை குதிரைகளைக் கட்டினாலும் இந்த வெப்பம் குறையாது. வேகம் கூடுவதால் இன்னும் ஏறும்.

2. டயர். டயர் மீது அழுத்தும் சுமை இரண்டு மடங்கானால் அதன் பிடிமானம் இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகவே ஏறும். ஆகவே கனமான கார் அதே வேகத்தில் வளைய அகலமான டயர் கேட்கிறது. முதல் தலைமுறை எலீஸின் முன் டயர் 185 மி.மீ. அகலம். இன்றைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் என்ற ஹாட் ஹேட்சுக்கு 265 மி.மீ.

3. ஸ்டீயரிங். அகலமான டயரையும் கனமான மூக்கையும் கையால் திருப்ப முடியாது, மோட்டார் துணை வேண்டும். துணை வந்ததும் சாலையிலிருந்து கைக்கு வரும் செய்தி மங்கிப்போகிறது. பொறியாளர்கள் மோட்டாரின் மென்பொருளைத் திருத்தித் திருத்தி அந்த உணர்வைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். சிலர் நன்றாகவே செய்கிறார்கள், டைப் ஆர் அதற்குச் சாட்சி. ஆனாலும் அது செய்து கொடுத்த உணர்வுதான்.

4. சஸ்பென்ஷன். கனமான உடல் வளைவில் சாயாமல் இருக்க விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். விறைத்தால் மேடு பள்ளத்தில் முதுகு வலிக்கும். அதைத் தவிர்க்க, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் மின்னணு டாம்பர். அதற்கும் எடை, விலை. இலகுவான காருக்கு மென்மையான ஸ்பிரிங்கே போதும். எம்எக்ஸ்-5 வளைவில் தாராளமாகச் சாயும். புதிதாக ஓட்டுபவர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். எவ்வளவு பிடிமானம் மிச்சமிருக்கிறது என்பதை அந்தச் சாய்வுதான் ஓட்டுபவருக்குச் சொல்கிறது.

எடை குறைந்த காருக்கும் ஒரு தொல்லை உண்டு, அதை அதன் ரசிகர்கள் பேசுவதில்லை. 75 கிலோ ஓட்டுநரோடு எலீஸின் கணக்கு டன்னுக்கு 150 ஆக இறங்குகிறது. பக்கத்து இருக்கையில் இன்னொரு 75 கிலோ ஏறினால் 137. சுமார் ஒன்பது சதவீத இழப்பு. ஜிடிஐ-யில் அதே பயணி ஏறினால் ஐந்து சதவீதம்கூடப் போகாது. நான்கு பேர் ஏறினாலும் முகம் மாறாத கார் அது.

முன்சக்கரத்தின் இரட்டை வேலை

பெரும்பாலான ஹாட் ஹேட்சுகள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்கே கிடக்கின்றன. மொத்த எடையில் அறுபது சதவீதம், சில சமயம் அதற்கும் மேல், முன் அச்சின் மீது. காரைத் திருப்புவதும் முன் டயர், இழுப்பதும் முன் டயர். ஒரு டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதில் பெரும்பங்கைத் திருப்புவதற்குச் செலவழித்துவிட்டால் இழுப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சம். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் வளைவுக்கு வெளியே நழுவும். இதுவே அண்டர்ஸ்டியர். சக்தி அதிகமானால் கூடவே டார்க் ஸ்டியரும் வரும்: இரண்டு முன்சக்கரங்களும் சமமாக இழுக்காமல் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும்.

முன்சக்கரத்துக்கு 200 குதிரைத்திறனுக்கு மேல் கொடுப்பது வீண் என்று ஒரு காலத்தில் பலரும் சொல்லிவந்தார்கள். அதைப் பொறியாளர்கள் உடைத்த விதம்தான் ஹாட் ஹேட்ச் வரலாற்றிலேயே சுவையான பகுதி. எஞ்சினின் சக்தியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதி டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே சக்தியை அனுப்பிவிடும். வளைவில் உள்பக்கச் சக்கரம் சுமை குறைந்து வெறுமனே சுழன்று புகை விடும். அந்தச் சோம்பலைத் தடுத்து வெளிச்சக்கரத்துக்குச் சக்தியைத் திருப்பும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை ஹோண்டா 1997-ன் முதல் சிவிக் டைப் ஆரிலேயே பொருத்தியது. ஜிடிஐ அதே வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்சு கொண்டு செய்கிறது. வெளிச்சக்கரத்துக்குச் சக்தி போனால் அது காரின் மூக்கை வளைவுக்குள்ளேயே இழுக்கும். நம் உள்ளுணர்வு காலை எடு என்று சொல்லும் இடத்தில் இந்தக் கார்களில் மிதிக்க வேண்டும். பழகியவருக்கு அது தனி இன்பம். டார்க் ஸ்டியரை அடக்க முன் சஸ்பென்ஷனில் திருப்பும் அச்சையே தனியாகப் பிரித்தன ரெனோ, ஃபோர்டு, ஹோண்டா ஆகியவை. இவ்வளவும் சேர்ந்துதான் 2023-ல் டைப் ஆர், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்கு வளையத்தை 7 நிமிடம் 44.881 விநாடியில் சுற்றியது. எலீஸுக்கு அந்த நேரத்தின் பக்கத்தில்கூட வர முடியாது.

டொயோட்டா இந்தச் சிக்கலை நேர்வழியில் வெட்டியது. ராலி பந்தயத் தேவைக்காகப் பிறந்த ஜிஆர் யாரிஸுக்கு நான்கு சக்கர இயக்கம். 2020-ல் வந்தபோது மூன்று சிலிண்டர் 1.6 லிட்டர் எஞ்சினில் 261 குதிரைத்திறன், எடை 1,280 கிலோ. இந்தக் காலத்து ஹாட் ஹேட்சுகளில் இலகு கார் ரசிகர்களும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் ஒன்று.

பழைய கார்களில் இன்னொரு குணமும் இருந்தது. 1980-களின் பெஜோ 205 ஜிடிஐ வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்தால் வாலைச் சுழற்றும். காலை எடுத்ததும் சுமை முன்னுக்குப் போகிறது, பின் டயர்களின் பிடி தளர்கிறது, பின்பக்கம் வெளியே பாய்கிறது. கைதேர்ந்தவர்கள் அதை வைத்தே காரைத் திருப்பினார்கள். மற்றவர்கள் வேலியில் போய் நின்றார்கள். இன்று மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அந்த வாலைப் பிடித்து வைத்திருக்கிறது.

எஞ்சின் இருக்கும் இடம்

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காவடித் தண்டின் இரு முனையிலும் குடத்தைக் கட்டிக்கொண்டு சட்டென்று திரும்ப முயன்றால் உடல் திரும்பிய பிறகும் காவடி திரும்பாது; திரும்பத் தொடங்கினால் நிற்காது. அதே குடங்களை இடுப்போடு அணைத்துக்கொண்டால் நினைத்த மாத்திரத்தில் திரும்பலாம், நிற்கலாம். எஞ்சினை முன் அச்சுக்கு முன்னால் வைத்த காருக்கும், இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்த காருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எலீஸிலும் 2017-ல் வந்த ஆல்பைன் ஏ110 காரிலும் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ஏ110-ன் எடைப் பங்கீடு முன்னால் 44, பின்னால் 56. எம்எக்ஸ்-5 எஞ்சினை முன்னால் வைத்தாலும் முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைத்து 50-50 கணக்கைப் பிடிக்கிறது. முன் டயருக்குத் திருப்பும் வேலை மட்டுமே. இழுக்கும் வேலை பின்னால் போய்விட்டது. ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு அசைத்தாலும் மூக்கு உடனே கேட்கிறது. வளைவைவிட்டு வெளியேறும்போது ஆக்சிலரேட்டராலும் காரைத் திருப்பலாம்.

நடு எஞ்சின் காரில் ஓர் ஆபத்தும் உண்டு. பிடிமானம் போகும்வரை அமைதியாக இருக்கும். போனால் மிக வேகமாகச் சுழலும். ஈரச் சாலையில் எலீஸ் அனுபவமில்லாத கையை மன்னிப்பதில்லை. கற்றுக்கொள்ள எம்எக்ஸ்-5 எவ்வளவோ சாது.

எந்த வேகத்தில் இன்பம் தொடங்குகிறது?

ஓட்டும் பிரியர்கள் இரண்டு காரையும் ஒப்பிடும்போது உண்மையில் பேசுவது இதைத்தான். எம்எக்ஸ்-5-ன் 2.0 லிட்டர் எஞ்சின் தன் 184 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 7,000 சுற்றில்தான் தருகிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இல்லை. வேகம் வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, எஞ்சினைப் பாட வைத்து வாங்க வேண்டும். கியர் கம்பியின் நகர்வு மிகக் குறுகியது. மணிக்கட்டை அசைத்தாலே அடுத்த கியர் விழுந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது கியரில் 60 கி.மீ. வேகத்திலேயே கை, கால், காது மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

ஜிடிஐ-யின் டர்போ எஞ்சின் 370 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையை 1,600 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. கேட்காமலே கிடைக்கும் வேகம். இப்போதைய ஜிடிஐ-யில் கையால் மாற்றும் கியரும் கிடையாது, இரட்டைக் கிளட்ச் தானியங்கிதான். 60 கி.மீ. வேகத்தில் அது ஒரு நல்ல, அமைதியான குடும்பக் கார். அதன் டிஃபரன்ஷியலும் டயரும் உயிர் பெற்று வேலை செய்யும் வேகத்தைப் பொதுச்சாலையில் தொட்டால் உரிமம் போகும். என் கணிப்பில் இன்றைய ஹாட் ஹேட்சுகளின் பெரிய குறை இதுதான். அவை திறமையில் வளர்ந்த அளவுக்கு, அந்தத் திறமையை அனுபவிக்க உகந்த இடம் சுருங்கிவிட்டது.

ஆனால் மழை பெய்து, குண்டும் குழியுமான, முன்பின் தெரியாத சாலையில் இரண்டையும் விட்டால் முடிவு வேறு. உயரமான இருக்கை, நல்ல பார்வை, நீண்ட சஸ்பென்ஷன் நகர்வு, எந்தக் கியரிலும் கிடைக்கும் இழுவை எல்லாம் சேர்ந்து ஹாட் ஹேட்ச் ஓட்டுநர் முதலில் ஊர் சேர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். பின்னிருக்கையில் குழந்தையும் இருக்கும்.

ஹேட்ச் பருத்தது எப்படி?

810 கிலோ கோல்ஃப் 1,400 கிலோவைத் தாண்டியதற்கு யாருடைய பேராசையும் காரணமில்லை. 1997-ல் ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை அளக்கும் யூரோ என்கேப் மோதல் சோதனைகள் தொடங்கியபின் உடற்கூடு வலுவானது, காற்றுப்பைகள் கூடின. குளிர்சாதனம், ஒலித்தடுப்பு, திரைகள், கேமராக்கள் வந்தன. 3.7 மீட்டர் நீளம் 4.3 மீட்டர் ஆனது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. இலகு கார்கள் இதே விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் உதிர்கின்றன. எலீஸ் உற்பத்தி 2021-ல் நின்றது. டொயோட்டா ஜிஆர்86, ஐரோப்பாவின் 2024 பாதுகாப்பு விதிகள் வந்ததும் அங்கே விடைபெற்றது. ஹேட்சுகளும் தப்பவில்லை: ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி 2023-ல் முடிந்தது. எலீஸைச் செய்த லோட்டஸ் இன்று விற்கும் எலெட்ரே என்ற மின்சார எஸ்யூவியின் எடை ஏறக்குறைய இரண்டரை டன்.

இந்தியக் கணக்கு

53 லட்சத்துக்கு விடை பெரும்பாலும் வரியில் இருக்கிறது. ஜிடிஐ முழுக்கக் கட்டிமுடித்து இறக்குமதியாகும் கார். 2016-ல் இதே நிறுவனம் போலோ ஜிடிஐ-யை 25.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தபோதும் இதே கதை. மாஸ்டா இந்தியாவில் விற்பனையே செய்வதில்லை என்பதால் எம்எக்ஸ்-5 பற்றிய வாதம் இங்கே காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

உள்ளூரில் செய்தால் விலை எங்கே நிற்கும் என்பதைக் கோயம்புத்தூர் ஒருமுறை காட்டியது. அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி-யை வெளியிட்டது. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், விலை 6.39 லட்சம். பேச்சில் கிடைத்த வரவேற்பு விற்பனையில் கிடைக்கவில்லை. 2020-ல் கூட்டு முடிந்தது. இலகு எடைக்கும் கோவையில் ஒரு பழைய பாடம் உண்டு. மாருதி 800-ன் சிறிய எஞ்சினை வைத்து பந்தய வீரர் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில்தான், பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் தொடங்கினார்கள். சக்தி குறைந்த காரில் வளைவில் வேகத்தை இழந்தால் அதைத் திரும்பப் பெற எஞ்சின் உதவாது. ஓட்டுநரே ஒழுங்காக ஓட்டியாக வேண்டும்.

வாங்குவோர் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. வீட்டில் இது ஒரே காரா? ஆம் என்றால் ஹாட் ஹேட்ச், யோசிக்க ஒன்றுமில்லை.
2. ஓட்டும் சாலை எப்படிப்பட்டது? குறுகலான, அடுத்தடுத்து வளையும் பாதைக்கு எடை குறைவு உதவும். நீண்ட நெடுஞ்சாலையில் எலீஸ் போன்ற காரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் காது அடைத்துவிடும்.
3. பந்தயத் தடத்துக்குப் போவதுண்டா? கனமான கார் டயரையும் பிரேக்கையும் வேகமாகத் தின்னும். ஆண்டுச் செலவில் அது பெரிய தொகை.

அடுத்து வரும் கேள்வி மின்சாரம். ஆல்பைன் தன் ஏ290 மின்சார ஹாட் ஹேட்சை 220 குதிரைத்திறனில் கொண்டுவந்திருக்கிறது. எடை 1,479 கிலோ. பெட்ரோல் ஜிடிஐ-யோடு ஒப்பிட்டால் பெரிய உயர்வு என்று சொல்ல முடியாது. பேட்டரி தரைக்கு அடியில் தாழ்வாகப் படுத்திருப்பதால் கனமான மூக்கு என்ற பழைய நோயும் கொஞ்சம் குறைகிறது. ஹேட்சுக்கு இது கைகொடுக்கும். சிக்கல் இலகு ஸ்போர்ட்ஸ் கார் குலத்துக்கு. பெட்ரோல் ஏ110 சுமார் 1,100 கிலோ, அதன் புகழே அந்த எடையால் வந்தது. அடுத்த ஏ110 மின்சாரக் காராக வரும் என்று ஆல்பைன் அறிவித்துவிட்டது. அது வெளியாகும் நாளில் ரசிகர்கள் குதிரைத்திறனைத் தாண்டிப் போய் எடைப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள்.